மைக்கில் பழுது இல்லை! பார்க்கின்சன் நோயும் குறைந்துபோகும் குரலும்

வீட்டில் ஒருவர் கம்ப்யூட்டர் படித்துவிட்டால் டிவி ரிமோட் முதல் இன்வெர்ட்டர் வரை எல்லாப் பழுதும் அவர் தலையில்தான் விழும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் என் பெரியப்பா செல்போனை நீட்டினார்.

"கண்ணு, இந்த போன்ல மைக் சரியில்ல. டிரைவருங்க எல்லாம் கேக்கல கேக்கலங்கறாங்க. என்னன்னு பாரு."

ஒன்றரை வருடத்தில் அவர் வாங்கிய மூன்றாவது போன் அது. நான் பேசிப் பதிவு செய்து கேட்டேன். தெளிவாக இருந்தது. பெரியம்மாவைப் பேச வைத்தேன். அதுவும் சரி. பெரியப்பா பேசியது மட்டும் பக்கத்து அறையில் யாரோ பேசுவது போலக் கேட்டது. அவருக்கே போட்டுக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது நானா?" என்றார்.

அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது எங்களுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். முதலில் வலது கைக் கட்டைவிரல் நடுங்கியது. பில் எழுதினால் வரியின் தொடக்கத்தில் ஒழுங்காக இருக்கும் எழுத்து, கடைசியில் எறும்பு போலச் சிறுத்துவிடும். சேலத்தில் நரம்பியல் மருத்துவர் பார்த்து மாத்திரை கொடுத்தார். நடுக்கம் நன்றாகவே குறைந்தது. அதனால் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். குரல் போய்க்கொண்டிருந்ததை யாருமே கவனிக்கவில்லை. "உங்க பெரியம்மாவுக்குக் காது மந்தமாயிருச்சு" என்று அவர் சொன்னார். அதையும் நம்பினோம்!

லாரி புக்கிங் என்பது முழுக்க முழுக்கக் குரலால் நடக்கும் தொழில். டிரைவர்கள் அவரை விட்டுவிட்டு என் அண்ணனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். இப்படிப்பட்டவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நீங்கள் புதிதாக வாங்கியிருக்கும் கம்ப்யூட்டர் அவருக்கு ஒரு வேலை செய்து கொடுக்கும். அதைச் சொல்வதற்கு முன் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பிரிண்டர் ஸ்கேல் குறைந்தால்...

மூளையின் அடிப்பகுதியில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சிறிய கரிய பட்டை இருக்கிறது. இங்குள்ள செல்கள்தான் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதிக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சன் நோயில் இந்தச் செல்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. முதல் நடுக்கம் வெளியே தெரிவதற்குள் ஏறக்குறைய பாதி செல்கள் போயிருக்கும். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 இல் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதிய சிறு நூலால் இந்த நோய்க்கு இப்பெயர் வந்தது. தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். ஆனால் நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வருவதுண்டு.

ஒரு ஃபைலைப் பிரிண்ட் செய்கிறீர்கள். ஸ்கேல் 100 சதவீதத்தில் இருக்க வேண்டும். யாரோ அதை 60 ஆக்கிவிட்டார்கள். ஃபைலில் ஒரு தவறும் இல்லை, பிரிண்டரும் நன்றாக ஓடுகிறது, வெளியே வரும் எழுத்து மட்டும் சிறிதாக இருக்கிறது. டோபமைன் குறைந்தால் இதுதான் நடக்கிறது. எழுத்து சிறுக்கிறது, எட்டு வைக்கும் தூரம் சிறுக்கிறது, முகபாவம் சிறுக்கிறது. குரலும் அதே கணக்கில் சிறுக்கிறது. நெஞ்சுக்கூடு, குரல்வளை, நாக்கு, உதடு எல்லாவற்றையும் அசைப்பவை தசைகள்தானே! குரல் தணிந்து, ஏற்ற இறக்கம் போய், ஒரே சுருதியில் வரும். சிலருக்குக் கரகரப்பாகும். சிலருக்கு வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடும். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இது வருகிறது.

ஆனால் பிரிண்டருக்கும் மூளைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிரிண்ட் சிறிதாக வந்தால் நாம் பார்த்துத் தெரிந்துகொள்வோம். பார்க்கின்சன் நோயாளிக்குத் தன் குரல் தணிந்தது தெரிவதில்லை. சத்தத்தை அளந்து சொல்லும் உள்மீட்டரும் சேர்ந்தே இறங்கிவிடுகிறது. மற்றவர் காதுக்குச் சரியான சத்தத்தில் பேச வைத்தால் "நான் கத்தறேனே" என்று கூச்சப்படுகிறார்கள். அதனால் "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிப் பயனில்லை. சொன்ன அந்த ஒரு வாக்கியம் சத்தமாக வரும். அடுத்தது பழையபடி.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அளவுக்கு வாய் பேசிய வீரர் கிடையாது. அவருக்குப் பார்க்கின்சன் அறிகுறிகள் இருப்பதை மருத்துவர்கள் உறுதி செய்தது 1984 இல். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய பழைய டிவி பேட்டிகளைக் கம்ப்யூட்டரில் போட்டு அளந்து, 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். 1968 இல் வினாடிக்கு ஏறக்குறைய 4 அசைகள் பேசியவர், 1981 இல் ஏறக்குறைய 3 அசைகள்தான் பேசினார். நோய் உறுதியாவதற்கு முன்பே பேச்சின் வேகம் கால்பங்கு குறைந்துவிட்டது. தலையில் வாங்கிய அடிகளும் இதற்குக் காரணமாக இருக்கலாம். இருந்தாலும் கோடிக்கணக்கானோர் டிவியில் கேட்ட குரலில் இந்த மாற்றம் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் எண்ணிச் சொன்ன பிறகுதான் அது கணக்காகத் தெரிந்தது.

சேப்பாக்கத்து விதை

நம் பக்கத்துக் கரடுகளிலும் மலையடிவாரப் புதர்களிலும் பூனைக்காலி என்று ஒரு கொடி படரும். காயின் மேலுள்ள சுணை பட்டால் அரிப்புத் தாங்காது. ஆடு மேய்த்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இதன் விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தவர்கள் எம். தாமோதரன், ஆர். ராமசுவாமி என்ற இரண்டு பேர். இடம், சென்னை சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகம். ஆண்டு 1937. அவர்கள் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து தேடவில்லை. மூளையில் டோபமைனுக்கு என்ன வேலை என்பதே அப்போது உலகில் யாருக்கும் தெரியாது.

அது தெரிய வந்ததிலும் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்குப் பங்குண்டு. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்து மூளையிலுள்ள டோபமைன் போன்ற பொருட்களைக் காலி செய்துவிடும். சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன் 1957 இல் அதை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. பிறகு டோபாவைச் செலுத்தியதும் எழுந்து ஓடின! 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். 1960 இல் வியன்னாவில், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். 1967 இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே கொடுத்து வெற்றி கண்டார். இன்று வரை இந்த நோய்க்கு லெவோடோபாவை விடச் சிறந்த மாத்திரை வரவில்லை.

டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். முடியாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு ஃபயர்வால் இருக்கிறது. அது டோபமைனை உள்ளே விடாது. லெவோடோபா ஓர் அமினோ அமிலம் என்பதால் அதற்கு அனுமதி உண்டு. உள்ளே போனபின் டோபமைனாக மாறிக்கொள்ளும். வழியிலேயே மாறிவிட்டால் குமட்டலும் வாந்தியும்தான் மிச்சம். அதைத் தடுக்கக் கூடவே கார்பிடோபா என்ற துணை மருந்தைச் சேர்க்கிறார்கள். நம்மூர் மருந்துக் கடைகளில் சின்டோபா 110 என்றொரு மாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். 100 மில்லிகிராம் லெவோடோபா, 10 மில்லிகிராம் கார்பிடோபா, கூட்டினால் 110. 275 என்றால் 250 உடன் 25. பட்டையில் உள்ள எண்ணின் கணக்கு இவ்வளவுதான். எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் அளவு மாறிவிடும், ஜாக்கிரதை.

நாமக்கல்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு! லெவோடோபா குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் போகும் பஸ்ஸில்தான் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் ஏறுகின்றன. சீட்டுகள் கொஞ்சம்தான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. காலையில் இரண்டு அவித்த முட்டையோடு மாத்திரையையும் விழுங்கினால் முட்டை சீட்டைப் பிடித்துக்கொள்ளும், மாத்திரை நின்றுகொண்டு வரும். பெரியப்பாவுக்குச் சில நாட்களில் காலை மாத்திரை வேலையே செய்யாததற்கு இதுதான் காரணம். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே மாத்திரையைப் போடச் சொன்னார் மருத்துவர். முட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவுக்கு ஆகாது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பூனைக்காலிப் பொடியையே சாப்பிடலாமா? 2004 இல் எட்டு நோயாளிகளிடம் செய்த சோதனையில் 30 கிராம் பொடி மாத்திரையை விடச் சீக்கிரமாக வேலை செய்தது உண்மை. ஆனால் அது அளந்து தயாரித்த பொடி. கடையில் வாங்கும் பொட்டலத்தில் லெவோடோபா எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்தால் மருந்தின் அளவு கன்னாபின்னாவென்று ஏறிவிடும். மருத்துவருக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட மோசம். உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

கைக்கு வந்தது குரலுக்கு வரவில்லை

1961 இல் வியன்னாவில் முதன்முதலாக லெவோடோபா ஊசி போட்டபோது, படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்ததோடு குரலும் தெளிந்தது என்று மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்குப் பிந்தைய அனுபவம் வேறு. கை, கால் விறைப்புக்கு மாத்திரை கொடுக்கும் பலன் பேச்சுக்கு அந்த அளவு கிடைப்பதில்லை. சிலருக்குக் கொஞ்சம் தேறும், பலருக்கு அப்படியே இருக்கும். வருடங்கள் போனபின் மருந்தின் அளவு கூடி உடம்பு தானாக நெளிய ஆரம்பித்தால் பேச்சு இன்னும் குழறலாம். மூளைக்குள் மின்கம்பி வைக்கும் அறுவைச் சிகிச்சையிலும் நடுக்கம் நின்று, பேச்சு மோசமானவர்கள் உண்டு. பேச்சுக்கு டோபமைன் மட்டும் போதாது, வேறு பாதைகளும் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

மாத்திரை விஷயத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் டோபமைனைப் போலவே நடிப்பவை. மூளையில் ஆசையையும் பரிசையும் கவனிக்கும் பகுதியும் டோபமைனில்தான் ஓடுகிறது. அதனால் இவற்றைச் சாப்பிடும் சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது போன்ற அடக்க முடியாத பழக்கங்கள் திடீரென்று வருகின்றன. 2005 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படிப் பதினொரு பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் ஒன்பது பேர் சாப்பிட்டது பிரமிபெக்சோல். வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத ஒருவர் இரவெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பணத்தை விட்டால், அவரைத் திட்டுவதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேட்கக் கூச்சப்படாதீர்கள், மருத்துவர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான்.

குரலுக்கு என்ன வழி? பயிற்சிதான். 1987 வாக்கில் அமெரிக்காவில் லோரெய்ன் ராமிக் என்பவர் தொடங்கி வளர்த்த எல்.எஸ்.வி.டி. லவுட் என்ற முறை உலகெங்கும் பயன்படுகிறது. லீ சில்வர்மன் என்ற நோயாளியின் பெயரால் அமைந்தது அது. வாரம் நான்கு நாள், நான்கு வாரம், தினம் ஒரு மணி நேரம். நாக்கைத் திருப்பு, உதட்டைக் குவி என்றெல்லாம் பத்து விதி கிடையாது. "சத்தமாக" என்ற ஒன்றே விதி. சத்தம் கூடினால் உச்சரிப்பும் கூடவே திருந்துகிறது. இங்கிலாந்தில் 388 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய சோதனையின் முடிவு 2024 இல் வந்தது. வழக்கமான பேச்சுப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பயிற்சியே பெறாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லவுட் முறையில் பயின்றவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

திரையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு

உள்மீட்டர் கெட்டுவிட்டவருக்கு வெளியே ஒரு மீட்டர் வேண்டும். தரையில் கோடு போட்டால் பார்க்கின்சன் நோயாளி அகலமாக எட்டு வைக்கிறார். கோடு போட்ட நோட்டில் எழுத்து பெரிதாகிறது. கண்ணால் பார்த்துச் செய்யும் அசைவுக்கு மூளை வேறு பாதையைப் பிடித்துக்கொள்கிறது என்கிறார்கள். குரலுக்கும் அதே தந்திரம்தான்.

ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். பதிவு செய்யும்போது மேலே ஒரு பச்சைப் பட்டை நீளும். அதுதான் மீட்டர். அதில் எண்கள் எல்லாம் மைனஸில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கம்ப்யூட்டர் தாங்கக்கூடிய உச்ச ஒலி 0. அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறோம் என்பதே டெசிபல் கணக்கு. மைனஸ் 30 ஐ விட மைனஸ் 24 அதிகச் சத்தம். 6 டெசிபல் ஏறினால் அலையின் உயரம் இரண்டு மடங்கு.

இங்கே ஒரு முக்கியமான பொறி இருக்கிறது. நான் முதலில் இதில்தான் ஏமாந்தேன். இன்றைய லேப்டாப்புகளும் போன்களும் சத்தம் குறைவாக வந்தால் தாமாகவே மைக்கின் அளவைக் கூட்டிவிடும். அப்படிக் கூட்டினால் தணிந்த குரலும் நல்ல குரலும் மீட்டரில் ஒன்றாகவே தெரியும்! விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், இன்புட் பகுதியில் உங்கள் மைக்கைக் க்ளிக் செய்யுங்கள். அங்கே ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸ் என்பதை ஆஃப் செய்யுங்கள். ஜூம் மூலம் பயிற்சி எடுப்பவர்கள், அதன் ஆடியோ செட்டிங்ஸில் மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் டிக் குறியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிர்முனையில் உள்ள பயிற்சியாளரும் ஏமாறுவார்.

வாயிலிருந்து மைக் ஒரு அடி தூரத்தில் இருக்கட்டும். நாங்கள் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து, நாற்காலியின் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டோம். தூரம் மாறினால் அளவும் மாறிவிடும். பெரியப்பா வழக்கமாகப் பேசியது மைனஸ் 30 அருகே நின்றது. பேச்சுப் பயிற்சியாளர் சரியென்று சொன்ன சத்தம் எங்கள் மீட்டரில் மைனஸ் 24. அந்த இடத்தில் பெரியம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைத் திரையிலேயே ஒட்டிவிட்டேன். "பட்டை பொட்டைத் தொடணுங்க பெரியப்பா, அவ்வளவுதான்." உங்கள் கம்ப்யூட்டரில் இந்த எண் வேறாக இருக்கும். இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

முதலில் நீளமாக "ஆ...". பிறகு அவர் தினமும் சொல்லும் வாக்கியங்கள். அவருடைய பட்டியல் இப்படி இருந்தது: "வண்டி எங்க நிக்குது?", "லோடு ஏத்தியாச்சா?", "சங்ககிரி தாண்டிட்டியா?" புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதை விட இது நன்றாக வேலை செய்தது. தொண்டையை நெரித்துக் கத்தக் கூடாது, மூச்சை இழுத்து நெஞ்சிலிருந்து விட வேண்டும். ஆரம்பிக்கும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டிவிடுங்கள். பயிற்சியாளர் இல்லாமல் சாஃப்ட்வேரை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். ஊரில் பயிற்சியாளர் கிடைக்காவிட்டால் வீடியோ வழியாகவும் கற்கலாம். நேரில் கற்பதற்கு இது குறைந்ததல்ல என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2011 இலேயே காட்டிவிட்டது. தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறது என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், விழுங்குவதும் அதே தசைகளின் வேலைதான்.

குரலை வைத்து நோயையே கண்டுபிடிக்க முடியுமா என்று அண்ணன் கேட்டார். 2008 இல் மாக்ஸ் லிட்டில் என்பவரின் குழு 31 பேரின் 195 குரல் பதிவுகளை அளந்து, அந்த எண்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. எந்திரக் கற்றல் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதில்தான் பழகுகிறார்கள். நானும் கல்லூரியில் அதை வைத்து ஒரு புராஜெக்ட் செய்து நல்ல மார்க் வாங்கினேன். சொந்த வீட்டில் அந்தக் குரல் ஒலித்தபோது எனக்குத் தெரியவில்லை! போனில் வரும் ஆப் சொல்வதை வைத்து யாரும் நோயை முடிவு செய்ய வேண்டாம். குரல் தணிய வேறு நூறு காரணம் உண்டு.

கை நடுக்கம் உள்ளவர் டைப் செய்தால் ஒரே எழுத்து நாலைந்து முறை விழும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் ஃபில்டர் கீஸை ஆன் செய்தால் அது நிற்கும். தமிழில் பேசியே டைப் செய்யும் வசதியைக் கூகுள் 2017 இல் கொண்டு வந்தது. பெரியப்பா அதில் பேசிப் பார்ப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார். "சங்ககிரி" என்று சரியாக விழுந்தால் அன்று நல்ல நாள்.

நாலு வாரத்தில் என்ன ஆனது? காலையில் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பொட்டைத் தொட்டுவிடுகிறார். சாயங்காலம் களைத்தபின் பட்டை மறுபடி பின்வாங்குகிறது. ஒரு வாரம் பயிற்சியை விட்டால் உடனே தெரிகிறது. டிரைவர்களில் பழைய ஆட்கள் சிலர் இப்போது அவரையே கூப்பிடுகிறார்கள். புதியவர்கள் அண்ணனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பதிவுகளைச் சேமிக்கும்போது ஃபைல் பெயரை 2026-01-15 என்பது போல வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் கொடுங்கள். தேதியை முதலில் போட்டால் ஃபோல்டரில் எல்லா மாதமும் கலந்துவிடும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் ஒரு பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை போட்ட நேரத்தையும் ஃபைல் பெயரிலேயே சேர்த்துவிட்டால் அவருக்கு இன்னும் வசதி.